நூலகருக்கு வாசகரோடு பேசவும் பயிற்சி வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நூலகங்களின் நிலை குறித்துத் தங்கள் நாளிதழில் அவ்வப்போது வெளிவரும் கட்டுரைகளையும் வாசகர் கடிதங்களையும் தொடர்ந்து படித்து வருகிறேன். கட்டடம், நூல் கொள்முதல், காலிப் பணியிடங்கள், மின்னூல் வசதி என்று எல்லாவற்றைப் பற்றியும் அவற்றில் பேசப்படுகிறது. ஆனால், நூலகத்துக்குள் வரும் வயதுவந்த ஒருவர் "படிக்க நல்லதா ஏதாவது இருக்கா?" என்று கேட்டால் அவருக்கு யார் பதில் சொல்கிறார்கள், எப்படிச் சொல்கிறார்கள் என்பதைப் பற்றி மட்டும் யாரும் எழுதக் காணோம். நூலகப் பணியில் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையிலும், பணியிடைப் பயிற்சி வகுப்புகளில் பேச அழைக்கப்படுபவன் என்ற முறையிலும் அதைப் பற்றிச் சற்று விரிவாக எழுத விரும்புகிறேன்.

குழந்தைகளுக்குக் கதை சொல்ல நூலகத்தில் தனி நேரம் உண்டு. தேர்வுக்குப் படிப்பவர்களுக்குத் தனி அலமாரியும், ஆய்வு செய்பவர்களுக்குப் பார்வை நூல் பகுதியும் உண்டு. இவர்களில் எவரோடும் சேராமல், வேலை முடிந்து வந்து மனம் ஆறுவதற்காகவோ, பொழுது இனிமையாகக் கழிவதற்காகவோ, தன் வாழ்க்கையில் திடீரென்று முளைத்த ஒரு சிக்கலைப் புரிந்துகொள்வதற்காகவோ புத்தகம் தேடும் வயதுவந்த வாசகர்தான், கை காட்டப்பட்ட திசையில் போய்த் தானே துழாவிக்கொள்ள வேண்டியவராக இருக்கிறார். அவருக்குத் துணைநிற்பதை நூலகத் துறையில் வாசகர் ஆலோசனை என்கிறோம். அது பிறவியிலேயே அமையும் திறமை அன்று. கற்றுக்கொடுத்தால் வரும் தொழில்நுட்பம். அதைக் கற்றுக்கொடுக்கும் ஏற்பாடுதான் நம் பயிற்சித் திட்டங்களில் பெரும்பாலும் இல்லை.

புத்தாக்கப் பயிற்சி என்று அழைத்தால் அங்கே என்ன நடக்கிறது? நூலக மென்பொருளின் புதிய பதிப்பு, பார்கோடு ஒட்டும் முறை, இருப்புச் சரிபார்ப்பு, மின்வளங்களுக்குள் நுழையும் வழி ஆகியவற்றை ஒரு நாளோ இரண்டு நாளோ திரையில் காட்டி, மாலையில் சான்றிதழ் கொடுத்து அனுப்புகிறார்கள். இவை வேண்டாதவை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பகுப்பாக்கமும் பட்டியலாக்கமும் புத்தகம் அலமாரியில் எங்கே இருக்கிறது என்பதைத்தான் சொல்லும். அது யாருக்குப் பிடிக்கும் என்பதைச் சொல்லா. நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்குவதற்காக மெல்வில் டியூயி 1876ஆம் ஆண்டில் வெளியிட்ட தசமப் பகுப்பு முறையில் தமிழ் இலக்கியத்துக்கு 894.811 என்ற எண். அந்த எண்ணின் கீழ் நாவல் பகுதியில், ஒரே மூச்சில் படித்து முடிக்கத் தோன்றும் துப்பறியும் கதையும், பத்துப் பக்கத்துக்கு ஒரு முறை மூடிவைத்து யோசிக்கச் செய்யும் நாவலும் ஆசிரியர் பெயரின் அகர வரிசைப்படி பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். அவற்றை வேறுபடுத்திச் சொல்வதற்கு அங்கே ஒரு மனிதர் வேண்டும்.

இது புதிய கருத்தும் அன்று. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரான எஸ். ஆர். ரங்கநாதன் 1931ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்ட நூலகவியலின் ஐந்து விதிகளில் இரண்டாவது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் கிடைக்க வேண்டும் என்பது. மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் கிடைக்க வேண்டும் என்பது. தேர்வுக்காக இவற்றை மனப்பாடம் செய்யாத நூலகர் இல்லை. மனப்பாடம் செய்ததை மேசையில் எப்படி நடத்திக் காட்டுவது என்று சொல்லிக்கொடுத்தவர்தான் குறைவு.

அமெரிக்காவின் பெருநகர நூலகங்கள் சிலவற்றில் 1920களிலேயே இதற்கென்று தனி ஆலோசகர்களை நியமித்திருந்தார்கள். வாசகரோடு தனியே உட்கார்ந்து பேசி, அவர் தம்மை வளர்த்துக்கொள்வதற்கான வாசிப்புப் பட்டியல் ஒன்றை எழுதித் தருவது அவர்கள் வேலை. நல்ல நோக்கம்தான், ஆனால் அதில் கொஞ்சம் வாத்தியார் வாடை இருந்தது. பெரும்பாலும் கதை அல்லாத கனமான நூல்களே பரிந்துரைக்கப்பட்டன. இன்பத்துக்காகப் படிப்பது இரண்டாந்தரமாகக் கருதப்பட்டது. 1940களில் மங்கிப்போன அந்தச் சேவை 1980களில் மீண்டும் தழைத்தபோது நோக்கம் மாறியிருந்தது. வாசகர் எதைப் படிக்க வேண்டும் என்பதை விட்டுவிட்டு, அவர் எதை விரும்பிப் படிக்கிறார், ஏன் விரும்புகிறார் என்று கேட்கத் தொடங்கினார்கள். இல்லினாய் மாநிலத்து நூலகர்களான ஜாய்ஸ் சாரிக்ஸ், நான்சி பிரவுன் இருவரும் 1989ஆம் ஆண்டில் எழுதிய கையேட்டில், ஒரு புத்தகம் வாசகரை ஈர்ப்பதற்கான காரணங்களைக் கதையின் வேகம், பாத்திரப் படைப்பு, கதைப்போக்கு, களமும் சூழலும் என்று பிரித்துக் காட்டினார்கள். சியாட்டில் நூலகரான நான்சி பெர்ல் இதையே வேறு விதமாக, கதை, பாத்திரம், களம், மொழி என்ற நான்கு வாசல்கள் வழியாக வாசகர்கள் புத்தகத்துக்குள் நுழைகிறார்கள் என்று சொன்னார். எந்தப் பகுப்பை எடுத்துக்கொண்டாலும் சரி, 'வரலாற்று நாவல்', 'குடும்ப நாவல்' என்ற பெயர்ப்பலகைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்க அது கற்றுக்கொடுக்கிறது.

இதன் பயன் என்ன என்பதை ஓர் எடுத்துக்காட்டால் சொல்கிறேன். தடித்த வரலாற்று நாவல் ஒன்றைத் திருப்பிக் கொடுக்கும் பெண்மணி, "இதே மாதிரி இன்னொண்ணு வேணும்" என்கிறார். பயிற்சி இல்லாதவர் உடனே அதே ஆசிரியரின் அடுத்த நாவலை எடுத்துக் கொடுப்பார். அது வெளியே போயிருந்தால் அதே அரச மரபைப் பற்றிய இன்னொன்றைக் கொடுப்பார். பயிற்சி பெற்றவர் முதலில், "அந்தக் கதையைப் பத்திக் கொஞ்சம் சொல்லுங்களேன்" என்பார். அந்தப் பெண்மணி போர்க்களத்தைப் பற்றியோ சதித்திட்டத்தைப் பற்றியோ ஒரு வார்த்தையும் சொல்லாமல், அதில் வரும் அக்காள் தங்கை இருவரும் பல ஆண்டுகள் பேசாமலிருந்து ஒன்றுசேர்ந்ததைப் பற்றியே பேசினால், அவருக்கு வேண்டியது வரலாறே அன்று. இன்றைய காலத்தில் நடக்கும், உடன்பிறந்தவர்களின் உறவைப் பேசும் சிறிய நாவல்கூட அவருக்குப் பிடித்துப்போகலாம். அந்த ஒரு கேள்விக்கு இரண்டு நிமிடம்கூட ஆவதில்லை. "உங்களுக்கு எந்த வகை பிடிக்கும்?" என்று கேட்டிருந்தால், வாசகர் தேர்வெழுத வந்தவர் போலத் தயங்கி, "எதுவா இருந்தாலும் சரி" என்று சொல்லியிருப்பார். எப்படிக் கேட்பது என்பதிலேயே பாதி வேலை அடங்கியிருக்கிறது.

கேட்காமல் விடுவது எவ்வளவு எளிதில் நடந்துவிடுகிறது என்பதற்குச் சான்று உண்டு. கனடாவின் வெஸ்டர்ன் ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தில் கேத்தரின் ராஸ் என்ற பேராசிரியர், நூலகவியல் மாணவர்களைச் சாதாரண வாசகர்களாக நூலகங்களுக்கு அனுப்பி, கேள்வி கேட்கச் சொல்லி, நடந்ததை எழுதி வாங்கினார். அந்த அறிக்கைகளில் திரும்பத் திரும்ப வந்த காட்சி ஒன்று: வாசகர் கேட்டு முடித்ததும் நூலகர் எதுவும் பேசாமல் கணினியில் தட்டத் தொடங்கிவிடுகிறார். நம் நூலகங்களில் இது நடப்பதில்லை என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்லக்கூடியவர்கள் இருந்தால் அவர்களை நான் வணங்குகிறேன். கணினியைத் தட்டுவது கடமையைச் செய்வதாகத் தோற்றமளிக்கிறது. மனிதரோடு பேசுவது அரட்டை அடிப்பதாக மேலதிகாரிக்குத் தோன்றிவிடுமோ என்ற அச்சமும் அதில் கலந்திருக்கிறது.

பேசக் கற்றபின் அடுத்தது, புத்தகத்தைப் பற்றிச் சொல்லக் கற்பது. "அருமையான நாவல், விருது வாங்கியது, படிச்சுப் பாருங்க" என்பதில் வாசகருக்கு ஒரு தகவலும் இல்லை. முழுக் கதையையும் சொல்லிவிடுவது அதைவிடக் கெடுதல். "கதை மெதுவாத்தான் நகரும், மூணு தலைமுறை ஒரே வீட்டுக்குள்ள, சண்டை உண்டு, ஆனா வில்லன் யாரும் இல்லை, முடிவு கொஞ்சம் கனமா இருக்கும்" என்று நான்கு தொடரில் சொன்னால், அது தமக்கு ஆகுமா ஆகாதா என்று வாசகரே முடிவு செய்துகொள்வார். நான் பேசும் வகுப்புகளில், ஒவ்வொருவரும் அண்மையில் படித்த ஒரு நூலைப் பற்றி நான்கு வரி எழுதவும், அதில் நன்று, அருமை, சிறப்பு போன்ற பாராட்டுச் சொற்களை விலக்கவும் சொல்கிறேன். நன்றாகப் படிப்பவர்களே முதலில் திணறுகிறார்கள். சில முறை எழுதிப் பார்த்தபின், கூர்மையான கண்ணோட்டம் தானே வந்துவிடுகிறது. இப்படி எழுதிய அட்டைகளைச் சேர்த்து வைத்தாலே ஒரு நூலகத்துக்கு விலையில்லாத ஒரு கருவி கிடைத்துவிடும். அந்த நூலகர் மாற்றலாகிப் போனாலும் அட்டைகள் அங்கேயே இருக்கும்.

எல்லா நூல்களையும் ஒரு நூலகர் படித்துவிட முடியுமா என்ற கேள்வி உடனே எழும். முடியாது, முடிய வேண்டியதும் இல்லை. படிக்காத புத்தகத்தைப் பத்து நிமிடத்தில் ஓரளவு அறிந்துகொள்ளும் முறை ஒன்று உண்டு. அதையும் கற்பிக்க வேண்டும். பின்னட்டையைப் படித்து, முதல் அத்தியாயத்தில் சில பக்கங்களைப் பார்த்துவிட்டு, நடுவில் இரண்டு இடங்களில் புரட்டிப் பார்க்க வேண்டும். பக்கத்தில் உரையாடல் மிகுந்து வெற்றிடம் நிறைய இருந்தால் கதை பெரும்பாலும் விரைந்து ஓடும். பத்தி பத்தியாக அடர்ந்திருந்தால் நிதானமாகத்தான் போகும். அத்தியாயங்கள் சிறியவையா, எழுத்து பெரியதா, கதை சொல்பவர் ஒருவரா பலரா, வட்டார வழக்கு எந்த அளவுக்கு இருக்கிறது, வன்முறைக் காட்சிகள் முன்னெச்சரிக்கை செய்யும் அளவுக்கு உண்டா என்பவற்றைக் கண் பழகிவிட்டால் நின்றவாக்கிலேயே பார்த்துவிடலாம். தேதிச் சீட்டு இன்னும் ஒட்டப்பட்டிருக்கும் நூலகமாக இருந்தால், அது எத்தனை முறை வெளியே போய் வந்தது என்பதும் ஒரு செய்தி. இந்தப் பத்து நிமிட வாசிப்பு முழு வாசிப்புக்கு ஈடாகாது என்பதையும் வாசகரிடம் ஒளிக்காமல், "நான் இன்னும் முழுசாப் படிக்கலை, ஆனா..." என்று தொடங்குவதே முறை.

ஆனால் முழு வாசிப்பும் பயிற்சியின் பகுதியாக இருந்தாக வேண்டும், அதுவும் தம் விருப்பத்துக்கு மாறான வகைகளில். இலக்கியம் மட்டுமே படிக்கும் நூலகர் காதல் நாவல்களையும் மர்மக் கதைகளையும் ஏளனமாகப் பார்க்கும்போது, வாய் திறந்து ஒன்றும் சொல்லாவிட்டாலும், வாங்கிப்போகும் வாசகருக்கு அது தெரிந்துவிடும். அடுத்த முறை அவர் கேட்க வரமாட்டார். மாறாக, பரபரப்பான கதைகளையே விரும்பும் பணியாளர், மொழியழகுக்காகப் படிக்கும் வாசகரிடம் தடுமாறுவார். சிகாகோ வட்டாரத்து நூலகர்கள் 1984ஆம் ஆண்டில் தொடங்கிய வாசிப்பு வட்டம் ஒன்று, ஒரு நாவல் வகையை எடுத்துக்கொண்டு நெடுங்காலம் கூடிப் படித்து விவாதிப்பதைப் பயிற்சி முறையாகவே வைத்திருக்கிறது. அருகருகே உள்ள நான்கைந்து நூலகங்களின் பணியாளர்கள் மாதம் ஒரு முறை கூடி, ஒரு மாதம் மர்மக் கதை, ஒரு மாதம் தன்வரலாறு, ஒரு மாதம் பயண நூல் என்று ஆளுக்கொரு புத்தகம் படித்து வந்து பேசுவதற்குப் பெரிய நிதி எதுவும் தேவைப்படாது. தேவைப்படுவது, அந்தக் கூட்டம் பணி நேரம் என்று கணக்கில் எடுத்துக்கொள்ளப்படும் என்ற ஆணை ஒன்றுதான். சமையல்காரர் சுவை பார்ப்பதை வேலை என்று ஒத்துக்கொள்ளும் நாம், நூலகர் மேசையில் புத்தகம் படித்தால் சும்மா இருக்கிறார் என்று எழுதிவைக்கிறோம்.

பயிற்சிக்கு யாரை அழைப்பது என்பதிலும் எனக்கு மாறுபட்ட கருத்து உண்டு. பட்டம் பெற்ற நூலகர்களை மட்டும் அழைக்கிறார்கள். வாசகர் உண்மையில் யாரிடம் கேட்கிறார் என்று ஒரு நாள் நின்று கவனித்தால் தெரியும். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் பதிவேட்டில் தலை குனிந்திருப்பவரைத் தொந்தரவு செய்ய வாசகர்கள் கூசுகிறார்கள், திரும்பி வந்த புத்தகங்களை அலமாரியில் அடுக்கிக்கொண்டிருக்கும் உதவியாளரிடம்தான், "இது எப்படி இருக்கும்?" என்று மெல்லக் கேட்கிறார்கள். திரும்பி வந்த புத்தகங்களைக் குவித்திருக்கும் தள்ளுவண்டியை வயதுவந்தவர்கள் ஆவலோடு மேய்வதும் இதனால்தான். வேறொருவர் படித்துப் பார்த்த புத்தகம் என்பதே அவர்களுக்கு ஒரு பரிந்துரை. இரவல் பகுதியில் இருப்பவரையும் அடுக்குபவரையும் விட்டுவிட்டு நடத்தும் பயிற்சி, வாசகரைச் சென்று சேராது.

சில நுட்பமான இடங்களும் பயிற்சியில் இடம்பெற வேண்டும். அண்மையில்தான் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்ட வயதுவந்தவருக்குச் சிறுவர் படக்கதையை எடுத்துக் கொடுத்தால் அவர் அவமானப்பட்டுத் திரும்பிவிடுவார். எளிய தொடர்களில், ஆனால் பெரியவர்களின் வாழ்க்கையைப் பேசும் நூல்கள் எவை என்ற பட்டியல் கைவசம் இருக்க வேண்டும். நோயாளியின் கட்டிலருகே இரவைக் கழிப்பவருக்கு நினைவில் வைத்துக்கொள்ளப் பெயர்கள் குறைவான, எங்கே நிறுத்தினாலும் மீண்டும் தொடரக்கூடிய சிறு அத்தியாயங்கள் கொண்ட நூல் உதவும். பார்வை மங்கியவருக்குப் பெரிய எழுத்து நூலோ ஒலிநூலோ வேண்டும். மணமுறிவு, கடன், மனச்சோர்வு ஆகியவை பற்றிய நூலைக் கேட்டு வருபவரிடம், கூடம் முழுவதும் கேட்கும்படி "என்ன புத்தகம் வேணும்?" என்று உரக்கக் கேட்கக் கூடாது, ஏன் வேண்டும் என்று தூண்டித் துருவவும் கூடாது. வாசகரிடமிருந்து அறிந்த தனிப்பட்ட செய்தியை இரகசியமாகக் காப்பது நூலகரின் கடமை என்று அமெரிக்க நூலகச் சங்கம் 1939ஆம் ஆண்டிலேயே தன் நெறிமுறையில் எழுதி வைத்தது. வாசிப்புப் பதிவுகள் அனைத்தும் கணினியில் தங்கிவிடும் இந்நாளில் அந்தக் கடமை இன்னும் கூடியிருக்கிறதே தவிரக் குறையவில்லை.

இணையத்தில் தானாகவே பரிந்துரை வருகிறதே, நூலகர் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. 'இதை வாங்கியவர்கள் அதையும் வாங்கினார்கள்' என்று சொல்லும் இயந்திரம், மேலே சொன்ன பெண்மணிக்கு இன்னும் பத்து அரசகதைகளைக் காட்டியிருக்கும். அதற்கு மேல் இதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

பரிந்துரைக்கும் முறையிலும் ஒரு பக்குவம் வேண்டும். ஒரே ஒரு நூலை நீட்டினால் மறுக்க முடியாமல் வாங்கிப்போய்ப் படிக்காமல் திருப்பித் தருவார்கள். பத்து நூல்களை அடுக்கினால் மலைத்துப்போவார்கள். இரண்டு மூன்று நூல்களைக் கையில் கொடுத்து, ஒவ்வொன்றைப் பற்றியும் ஒரு வரி சொல்லி, வேறு வேலை இருப்பதுபோல் சற்று நகர்ந்துவிட வேண்டும். "பிடிக்கலைன்னா பாதியிலயே திருப்பிக் கொடுங்க, என்ன பிடிக்கலைன்னு சொன்னீங்கன்னா எனக்கும் உதவியா இருக்கும்" என்ற ஒரு வார்த்தை, வாசகரை மறுபடியும் மேசைக்கு அழைத்து வரும். நான்சி பெர்ல் ஐம்பது பக்கம் படித்தும் பிடிக்காவிட்டால் விட்டுவிடலாம் என்றும், ஐம்பது வயதைக் கடந்தவர்கள் நூறிலிருந்து தம் வயதைக் கழித்து வரும் பக்கங்களோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றும் விளையாட்டாக ஒரு விதி சொன்னார். எழுபது வயதுக்காரருக்கு முப்பது பக்கம் போதும் என்று சொல்லிப் பாருங்கள். அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரியும்.

இந்தப் பயிற்சியின் பலனை எப்படி அளப்பது என்று நிர்வாகம் கேட்பது நியாயமே. இரவல் போன நூல்களின் எண்ணிக்கை இதற்குப் போதாது, எடுத்துப்போனதெல்லாம் படிக்கப்பட்டதாகாது. வெஸ்டர்ன் ஒன்டாரியோவில் செய்ததுபோல், நூலகவியல் படிக்கும் மாணவர்களை வாசகர்களாக அனுப்பி, தம்மிடம் என்ன கேட்கப்பட்டது, மீண்டும் அதே பணியாளரிடம் போக விரும்புவார்களா என்று எழுதச் சொல்லலாம். குறை கண்டுபிடித்து விளக்கம் கேட்கும் கருவியாக அதை ஆக்காமல், பணியாளர்கள் கூடி உட்கார்ந்து படித்துப் பார்க்கும் பாடமாக வைத்துக்கொண்டால் பயன் இருக்கும். மாணவர்களுக்கும் அது நல்ல களப்பயிற்சி.

பயிற்சித் திட்டம் வகுப்பவர்களிடம் நான் வேண்டுவது இதுதான்: ஒரே நாள் கருத்தரங்கை விட்டு, ஆண்டு முழுவதும் பரவிய சிறு அமர்வுகளாக இதை அமையுங்கள், அவற்றில் பாதியையாவது ஒருவர் வாசகராகவும் ஒருவர் நூலகராகவும் இருந்து பேசிப் பழகுவதற்கு ஒதுக்குங்கள், மாதாந்திர வாசிப்புக் கூட்டத்தைப் பணி நேரமாக அறிவியுங்கள். ஆள் பற்றாக்குறையில் இது எப்படி நடக்கும் என்பார்கள். இருக்கிற ஒருவர், கணினியைத் தட்டுவதற்கு முன் ஒரு கேள்வி கேட்கப் பழகுவதற்குப் புதிய பணியிடம் தேவையில்லை.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. தங்கள் நாளிதழின் நூல் அறிமுகப் பகுதியில் கதைச் சுருக்கமும் மதிப்பீடும் வருகின்றன. அவற்றோடு பக்க எண்ணிக்கை, எழுத்தின் அளவு, கதை விரைந்து போகிறதா நிதானமாகப் போகிறதா, எப்படிப்பட்ட வாசகருக்கு உகந்தது என்று இரண்டு வரி சேர்த்து வெளியிட்டால், அதைக் கத்தரித்து அட்டையில் ஒட்டிவைத்துக்கொள்ள நூலகர்கள் பலர் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற நூலகர் ஒருவர்